பாப்பாவின் கன்னத்துக்கு மூன்று அட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. முகமூடி போட்டுக்கொண்டுதான் சாயப்பொடி கலக்குகிறேன், இருமல்கூட விட்டுவிட்டது.

உன் தம்பி அனுப்பிய படத்தில் பாப்பா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறாள். போனிலேயே வெளுக்க வைத்திருக்கிறான். பெயிண்ட் கம்பெனிக்காரன் கண்ணை ஏமாற்ற முடியுமா? ஆனால் பிறந்து ஏழு மாதமாகியும் மகளின் நிஜ நிறம் தெரியாதவன் என்ன பெரிய கலர் மாஸ்டர், நீயே சொல். லீவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

நேற்று மிச்சப் பெயிண்டை வைத்துப் பாப்பாவின் நிறத்தைக் கலந்து பார்த்தேன். வெள்ளையில் மஞ்சள், காவி, ஒரு சொட்டு கறுப்பு. சிவப்பு விடும்வரை உயிரே வரவில்லை, ரத்தம் ஓடுகிற தோலாயிற்றே. என் நிறத்துக்கு என் கை இருந்தது. உன் நிறத்துக்கு ஞாபகம்தான். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார்.

"யாரு ஆர்டருய்யா இது?"

"என் பொண்ணு சார்."

"எத்தனை லிட்டர் வேணுமாம்?" என்று கேட்டுவிட்டு, அவரே இன்னொரு சொட்டு மஞ்சள் விட்டார்.

கலந்ததைப் பூசி, இத்துடன் மூன்று அட்டை வைத்திருக்கிறேன். ஒன்றாம் நம்பர் என் பக்கம், மூன்றாம் நம்பர் உன் பக்கம், இரண்டாம் நம்பர் நடுவில். பகலில், ஜன்னலோரம், பாப்பா கன்னத்தருகே பிடித்துப் பார். டியூப்லைட்டை நம்பாதே. பெயிண்ட் காய்ந்துவிட்டது, இருந்தாலும் வாயில் வைக்க விடாதே. ஒன்றாம் நம்பர் பொருந்தினால், என் கறுப்புதான் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல். எதுவுமே பொருந்தாவிட்டால் எது கூட, எது குறைவு என்று எழுது. பொருந்தும்வரை கலந்துகொண்டே இருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்