ஏழு பின் அடித்த பக்கங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை பதினொன்று பதினேழுக்கு உங்கள் செய்தி வந்தது. நேரத்தைக் குறித்துவைப்பது என் வேலைப் பழக்கம். நீரேற்று நிலையத்தில் மூன்றாம் பம்ப் பக்கத்தில், அதிர்வு பார்க்கும் கருவியோடு நின்றிருந்தேன். உங்கள் தங்கையின் நாவலைப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை படித்தேன். பிறகு பதிவேட்டில் அந்தப் பம்பின் அதிர்வை எழுதவேண்டிய கட்டத்தில் 11.17 என்று எழுதிவைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த அளவுக்கு அதிர்ந்தா இந்நேரம் பம்ப் பேந்து போயிருக்கணுமே, ஜம்முனு ஓடுது?" என்றார். சிரிக்கவேண்டிய இடம் என்று புரிந்தது. சிரித்தேன்.

உங்கள் தங்கை, என் பூச்சி, போய் இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். அம்மா தினமும் கேட்பதற்கு இவ்வளவுதான் பதில். உங்களுக்கும் அதையே சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பதிப்பாசிரியர் இரண்டு கேட்கிறார் என்றீர்கள். முதலாவது, நாவலில் வரும் கற்பனை நாட்டின் வரைபடம். ஓர் ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து எதிரெதிர்க் கடல்களில் போய்ச் சேராது, திருத்திக் கொடுங்கள் என்கிறார். அவர் சொல்வது சரி. கல்யாணமான புதிதில் நானும் அதையேதான் சொன்னேன். "வாலுல வேணா பிரியும், இடுப்புல பிரியாது. எந்த ஊர்ல படிச்ச நீ?" என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவில் வந்து நின்று, "தானா பிரியாதுன்னா யாரோ வெட்டியிருக்காங்க. யாரு வெட்டினா? எதுக்கு? வெட்டினவங்க இப்ப எங்க?" என்று கேட்டாள். வாயில் நுரையோடு நின்றேன். அந்த மூன்று கேள்வியிலிருந்துதான் கால்வாய் வெட்டிகள் வந்தார்கள், மதகு வந்தது, மதகுக்காரி வந்தாள். நான் ஒரு தப்பைப் பார்த்தால் அழிப்பேன். அவள் அதற்குள் ஒரு ஜனத்தையே குடிவைப்பாள். ஆகவே வரைபடத்தில் கை வைக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தப்புதான் கதை.

எங்கள் அறிமுகமே அப்படித்தானே. அன்று நான் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருந்தேன். மலைமேல் நாற்பதாயிரம் பேர் இருக்கும் கோட்டைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒரு பெண் குரல் கேட்டது. "எந்த ஏரியா மேடம்?" என்றேன். "இன்னும் பேர் வைக்கலை சார்" என்றாள். இணைப்பைத் துண்டிக்காமல் கணக்குப் போட்டுச் சொன்னேன். "குதிரைகளைச் சொல்ல மறந்துட்டேன் சார்" என்று மறுநாள் மறுபடி கூப்பிட்டாள்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபடியே இதையெல்லாம் செய்தாள் என்பது இப்போதுதான் எனக்கு முழுசாக உறைக்கிறது. கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்புகள் மட்டும் அறுநூற்றுப் பதினான்கு. பிரித்து டப்பாக்களில் போட்டிருக்கிறேன். மழை ஒரு டப்பா, செருப்பு ஒரு டப்பா. அந்தக் கற்பனை நாட்டில் யார் எதைக் காலில் போடுவார்கள் என்பதற்கு மட்டும் முப்பது சீட்டு! வசவுகளுக்குத் தனி டப்பா. 'உன் கிணறு என்னைப் பார்த்துச் சிரிக்க' என்று ஒன்று இருக்கிறது. போன வாரம் பம்பை அப்படித்தான் திட்டினேன். உதவியாளர் திரும்பிப் பார்த்தார்.

படிப்பதிலும் அவள் வழி தனி. சமையலறையில் ஒன்று, பேருந்துக்கு ஒன்று, தலையணை அடியில் ஒன்று. எந்தப் புத்தகம் எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கம். எனக்கு ஆகவே ஆகாது. "முடிவு தெரிஞ்சப்புறம் என்னத்தைப் படிப்ப?" என்பேன். "எங்க போறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எப்படிப் போறாங்கன்னு நிம்மதியா பார்க்க முடியும். எங்க வீட்ல அக்காவும் இப்படித்தான்" என்பாள். உங்களைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள்.

பதிப்பாசிரியர் கேட்ட இரண்டாவது, முடிவு. இருபத்தோராம் அத்தியாயத்தில் வெள்ளத்தில் மதகை மூடப் போன மதகுக்காரி திரும்பவில்லை. அதற்குமேல் பக்கம் இல்லை. நீங்கள், "நானே எழுதிடறேன் தம்பி. அவளை உயிரோட கரை சேர்த்துடலாம். நம்ம கையில இருக்கறது அது ஒண்ணுதானே" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் சரி என்று தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் பொத்தான்மேல் விரல் இருந்தது. பூச்சியின் ஒன்பது நாள் காய்ச்சலில் என்னால் செய்ய முடியாததை நீங்கள் ஒரே அத்தியாயத்தில் செய்துவிடுவீர்கள். யாருக்குத்தான் வேண்டாம் என்றிருக்கும்?

அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள், எழுதும்போது மட்டும் முதலிலிருந்தா தொடங்கியிருப்பாள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவள் நாவல் எழுதிய முதல் நோட்டை எடுத்தேன். ஆரம்பத்திலேயே நான்கு தாள்கள், ஓரத்தில் ஏழு ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியிருக்கின்றன. மேலே 'இருபத்து மூணு. இன்ஜினியர் பார்க்கக் கூடாது' என்று அவள் கையெழுத்து. முடிவை அவள் என்றைக்கோ எழுதிவிட்டாள், அக்கா. இல்லாமல் போனது இருபத்திரண்டாம் அத்தியாயம் மட்டும்தான்.

பின்களைப் பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. மதகுக்காரி பிழைத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அவள் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த வீட்டில் அது ஒன்றுதான் இன்னும் நடக்காதது.

நோட்டுகள், வரைபடம், சீட்டு டப்பாக்கள் எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மழை டப்பாவை மட்டும் சாய்க்காமல் திறங்கள். பின்களை நீங்கள் பிரியுங்கள். அவள் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறாளோ அங்கே போய்ச் சேரும்படி இருபத்திரண்டை எழுதுங்கள். அது நமக்குப் பிடிக்காத இடமாக இருந்தாலும் மாற்றவேண்டாம். உங்களால்தான் முடியும். அவளுக்கு முதல் வாசகி நீங்கள். எனக்கு ஆறு மட்டும்தான் தெரியும், ஆட்களைத் தெரியாது.

புத்தகம் அச்சாகி வந்ததும் நான் கடையில் வாங்கி, எல்லோரையும் போல முதல் பக்கத்திலிருந்து படிப்பேன். அதுவரை யாரும் எனக்குச் சொல்லக்கூடாது. உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும், உங்களுக்கு மறைக்க வராது.

நீங்களும் குழந்தைகளும் நன்றாக இருக்கவேண்டும். எழுதும்போது அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள். மதகுக்காரியைப் பத்திரமாகக் கூட்டிப் போங்கள், எங்கே என்றாலும்.

வேலைக்கு அலுவலகத் தொலைபேசி இருக்கிறது. என் போனை அணைத்துவிட்டேன்.

உங்கள் தம்பி
(அவளுக்கு இன்ஜினியர்)