கூடத்தில் மாட்டிய றெக்கை

கணவன் சென்னியப்பன் கூடத்திலேயே குட்டி விமானம் கட்டுகிறான். மகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தங்கமணி அவனுக்குச் சீட்டு எழுதினாள்.

"ஏனுங்க, கோவிச்சுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. கஞ்சிக்கோட்டுல புள்ளையப் பாத்துட்டுப் பொழுதுசாய வந்துருவனுங்க. சோறும் கொள்ளுப் பருப்பும் மூடி வெச்சிருக்கறேன். பசைக் கையோட உக்காந்தராதீங்க.

வாசல அளக்காம உள்ளயே றெக்கைய மாட்டிப்போட்டு, நேத்து செவுத்த இடிக்கலாமான்னு கேட்டா கோவம் வராதுங்களா? எங்கய்யன் கட்டுன செவுருங்க.

நான் கெளம்புனதும் இன்னிக்குக் காலைலயே கொத்தனார் வருவாரு. திருப்பி அனுப்பிராதீங்க. நாந்தான் வரச் சொன்னேன்."

விமானத்தின் மூக்கில் ஒட்டிய பிறகு, நினைவு வந்து அடியில் நுணுக்கி எழுதினாள்:

"தெக்குச் செவுத்துல சாக்பீஸ் கோடு போட்டிருக்கறனுங்க. அதுவரைக்கும் இடிக்கட்டும். றெக்கை ஒரசாம ரெண்டு சாண் சேத்தே போட்டிருக்கறேன்."