மெல்ட்பி ஊர்ப் புத்தகத்தில் ஒரு வரி

பீலெஃபெல்ட்
12.10.2003

அன்பு மகள் தக்சாயினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். கடிதம் எண்டால் இப்பிடித்தான் தொடங்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது. அதால எழுதுறன், நம்பவேண்டாம்.

ரெலிபோனில கதைக்கேலாமல் கிடக்குப் பிள்ளை. நீ அங்க அழாமல் இருக்கிறதும் நான் இஞ்ச பகிடி தேடுறதுமாய் ரெலிபோன் கார்ட் முடிஞ்சுபோகுது. கடிதம் எண்டால் நான் மட்டும் அலட்டலாம்.

உன்ர குழந்தையை அடக்கம் செய்த அண்டைக்கு வந்து நிக்கேல்ல எண்ட கவலை இன்னும் போகேல்ல. என்ர அகதிப் பாஸுக்கு இங்கிலாந்து விசா வேணுமாம். விசாக் கந்தோருக்கு வரச்சொல்லி ரெர்மின், அதுதான் நாள் குறிச்சுத் தந்தவை, மூண்டு கிழமை கழிச்சு. அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கு என்ர ஜெர்மன் முழுவதையும் கொட்டி விளங்கப்படுத்தினன். நல்ல பிள்ளை. குடிக்கத் தண்ணி தந்தாள்.

நீ கடை திறக்க முதல் ஒவ்வொரு நாளும் அந்தச் சேர்ச் வளவுக்குப் போறாயாம், மருமகன் கவிஷன் சொன்னார். போகாத. பச்சைக் குழந்தையளை எங்கட ஆக்கள் எரிக்கிறேல்ல, கிரியையும் செய்யிறேல்ல. பெத்தவை கெதியில மறக்கட்டும் எண்டுதான். ஒரு மாதம் இஞ்ச வந்து நில். அம்மா சமைப்பா, நான் குறை சொல்லுவன், பொழுது போகும்.

அப்பா
சிற்றம்பலம்


மெல்ட்பி
2.11.2003

அன்புள்ள அப்பா,

வரேலாது. தபால் கவுண்டரை விட்டிட்டு வரேலாது எண்டு சொல்லலாம். உண்மை அதில்ல.

இந்த ஊரின்ர சரித்திரத்தை ஊராக்கள் சேர்ந்து புத்தகமா எழுதுகினம். எங்கட கடைக்கு முத்திரை வாங்க வாற றீற்றா ரீச்சர்தான் அதுக்குத் தலைவி. சேர்ச் வளவுக் கல்லறைகளைப் பதியிற வேலையை எனக்குத் தந்திருக்கிறா. நான் எப்பிடியும் அங்கதான் நிக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லேல்ல.

இஞ்ச ஒரு பழைய வழக்கம் இருக்கு அப்பா. இந்தச் சேர்ச்சின்ர பங்குக்குள்ள குடியிருக்கிற ஆர் செத்தாலும், வளவில இடமிருந்தால் குடுக்கவேணும். என்ன சமயம் எண்டு கேக்கிறேல்ல. அப்பிடித்தான் எங்கட பிள்ளைக்கும் கிடைச்சது. வடக்கு மதிலோட ஒரு வரிசை சின்னக் கல்லுகள். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி ஒரு காய்ச்சல் வந்து பிள்ளையளைக் கொண்டுபோனதாம். பதிவில எல்லாருக்கும் பேர் இருக்கு. ஒண்டுக்கு மட்டும் ‘ஆடு மேய்க்கிறவரின் பிள்ளை’ எண்டு கிடக்கு. பொம்பிளையோ ஆம்பிளையோ எண்டும் இல்ல. அதுக்குப் பக்கத்திலதான் எங்கட பிள்ளை.

நீங்கள் அங்க ஹம் நகரத்துக் கோயிலில ஐயரிட்டப் பேருக்கு எழுத்துக் கேட்டு, அம்மாவோட சேர்ந்து ஒரு பேர் எடுத்து வைச்சிருந்தனீங்கள். முப்பத்தோராம் நாள் சொல்லுறன் எண்டனீங்கள். அந்த நாள் வர முதல் அவள் போயிட்டாள். அந்தப் பேரைச் சொல்லுங்கோ அப்பா. புத்தகம் தை முடிவில அச்சுக்குப் போகுது. கவிஷன் பேர் ஒண்டும் வேண்டாம் எண்டுறார். நான் புதுசா ஒண்டை வைக்கலாம், ஆனால் அது அவளின்ர இல்ல.

தக்சா


பீலெஃபெல்ட்
14.12.2003

அன்பு மகளுக்கு,

இஞ்ச பனி கொட்டுது. அம்மாவின்ர முழங்கால் வானிலை அறிக்கையை விடச் சரியாச் சொல்லிப்போட்டுது. பேக்கரியில கிறிஸ்மஸ் கேக் வேலை, என்ர தலைமயிரில மா எது, நரை எது எண்டு அம்மாவுக்கே தெரியேல்ல.

சுத்தி வளைக்கிறன் எண்டு உனக்கு விளங்கும்.

பேர் என்னட்ட இருக்கு. எழுத முதல் மருமகனையும் ஒரு சொல்லுக் கேப்பம் எண்டு போன் எடுத்தன். அவர், “மாமா, பேர் வைச்சால் இவள் இந்த ஊரை விட்டு வரமாட்டாள். என்னையும் கொஞ்சம் பாருங்கோ” எண்டார். லண்டனில தமையனோட போய் இருந்தால் நீங்கள் ரெண்டுபேரும் தப்பிடுவியள் எண்டு நினைக்கிறார். அவரும் பிள்ளையைப் பறிகுடுத்தவர்தானே.

ஐயரைக் கேட்டன். வைக்கவேணும் எண்டும் இல்லயாம், வைக்கக்கூடாது எண்டும் இல்லயாம். என்னைப்போல ஒருத்தர்.

நீ கேக்கிறதும் நியாயம், அவர் சொல்லுறதும் நியாயம். நடுவில நிக்கிறவன் ஓ.எல். சோதினையில ரெண்டு தரம் விழுந்தவன். கொஞ்சம் பொறு பிள்ளை. அவரோட இன்னொருக்காக் கதைச்சிட்டு எழுதுறன்.

அப்பா


மெல்ட்பி
8.2.2004

அன்புள்ள அப்பா,

புத்தகம் அச்சுக்குப் போயிட்டுது. றீற்றா ரீச்சர் எனக்காக ஒரு கிழமை பிடிச்சு வைச்சிருந்தவ. ‘வடக்கு மதில், கடைசி: தபால் கந்தோர்க்காரரின் பெண் குழந்தை, 2003’ எண்டு எழுதிக் குடுத்தன். பெண் எண்டாவது போட்டிருக்கிறன்.

கடையை வித்தாச்சு. பங்குனியில லண்டன் போறம். கவிஷனோட கோவம் இல்ல. அவரும் அந்த வளவுக்குப் போறவர், நான் பார்சல் கட்டிக்கொண்டு நிக்கிற நேரம் பாத்து.

உங்களோடயும் கோவம் இல்ல. உங்களுக்கு ஏலாமல் போட்டுது, அவ்வளவுதான். இனி அதைப் பற்றி எழுதவேண்டாம் அப்பா.

தக்சா


பீலெஃபெல்ட்
23.5.2004

அன்பு மகளுக்கு,

எழுதவேண்டாம் எண்டனி. எழுதுறன். பேசவேணும் எண்டால் நேர வா, உனக்கு விசா தேவையில்ல.

றீற்றா ரீச்சர் புத்தகத்தை எனக்கும் ஒண்டு அனுப்பியிருக்கிறா. அகராதியை மடியில வைச்சு முதல் பக்கத்தில இருந்து வாசிச்சன். வெள்ளம் வந்தது, மணிக்கூண்டு சரிஞ்சது, ஒரு பன்றியால ரெண்டு குடும்பம் கோர்ட் ஏறினது எல்லாம் எனக்கு இப்பப் பாடம். நேரா அந்தப் பக்கத்துக்குப் போகப் பயத்தில ஒரு ஊரின்ர ஆயிரம் வருசத்தையும் படிச்சு முடிச்சவன் நானாத்தான் இருப்பன்.

அம்மா வந்து பக்கத்தில இருந்தா. பேத்தியின்ர பக்கத்தைக் காட்டச் சொன்னா. காட்டினன். அவவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுதானே. அந்த வரியில விரலை வைச்சு, “இதில பேர் எது?” எண்டா.

இல்ல எண்டன்.

“நீங்கள் சொன்னனீங்கள்தானே?”

இவ்வளவு நாளும் நான் சொல்லியிருப்பன் எண்டே இருந்திருக்கிறா. விரலை எடுக்கேல்ல. எனக்கு ஒரு பகிடியும் வரேல்ல.

மாத்தேலுமோ எண்டு றீற்றா ரீச்சருக்கு எழுதிக் கேட்டன். வீடு வீடாக் குடுத்து முடிஞ்சுதாம். அடுத்த முறை அச்சடிக்கேக்க கட்டாயம் போடுவம் எண்டு மரியாதையா எழுதியிருக்கிறா. இதுக்கு முந்தின புத்தகம் அவவின்ர தகப்பன் சின்னப்பெடியனா இருக்கேக்க வந்ததாம்.

பேர் மங்கையற்கரசி. ‘ம’ எழுத்துத்தான் வந்தது. வீட்டில மங்கை எண்டு கூப்பிட இருந்தம்.

இதை இனி எங்க கொண்டுபோய் எழுதுறது எண்டு எனக்குத் தெரியேல்ல பிள்ளை. அதால உனக்கு எழுதுறன்.

அப்பா