தேங்காய் எண்ணெய் ஊற்றியது நான்தான்

அக்கா,

இன்று காலை தலைக்கு வைக்க எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கார்த்திகைக் குளிர் வந்துவிட்டால் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், குச்சியை விட்டுக் கிண்டித்தான் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் உங்கள் முகம் வந்துவிடுகிறது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகியும் அந்த முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஒரே வீட்டுக்கு வந்த மருமகள்கள் நாம். நீங்கள் மூத்தவர், நான் இளையவள். தையல் மெஷின் மட்டும் என்னுடையது, அம்மா வீட்டுச் சீர். அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தைக்கத் தெரிந்த எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது. பெல்ட் வழுக்கினாலும், தையல் விட்டுவிட்டு விழுந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவேன். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால் நான் பாபினைக் கழற்றிக் குடைந்துகொண்டிருப்பேன். "கீழ சிக்குச்சுன்னா மேல பாரு. மேல நூல் கோத்தது சரியில்லன்னு அர்த்தம்" என்பீர்கள். உருவி மறுபடி கோத்தால் ஓடும். உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கழற்றிக் கழற்றிப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனது. தேர்க் கூட்டத்தில் யார் கடைக்குப் போவது? எண்ணெய் எண்ணெய்தானே என்று தேங்காய் எண்ணெயை எல்லா ஓட்டையிலும் விட்டேன். சாயங்காலம் நீங்கள் உட்கார்ந்து உங்கள் மகளின் பாவாடைக்கு ஓரம் அடித்தீர்கள். மறுநாள் காலை சக்கரம் அசையவில்லை. வீடு நிறைய சொந்தக்காரர்கள், தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகள் ஐந்தாறு. என் ஆத்திரத்துக்கு நீங்கள்தான் கிடைத்தீர்கள்.

"ராசியில்லாத கை பட்டா இப்டித்தான் ஆவும்" என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

உங்கள் வீட்டுக்காரர் இறந்து அப்போது இரண்டு வருஷம். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று தெரியாத வயதா எனக்கு? தெரியும் அக்கா. தெரிந்துதான் சொன்னேன். மாமியார் வேறு ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு நீங்கள் மெஷினைச் சாய்த்து, ஓட்டைக்குள் துணித்திரியை விட்டு எடுத்தீர்கள். வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தீர்கள்.

"தேங்கா எண்ண ஊத்துனியா?"

"இல்லியேக்கா."

என்னையே பார்த்தீர்கள். "சரி, வுடு" என்றீர்கள்.

மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அழுக்கெல்லாம் வடியத் துடைத்தீர்கள். பக்கத்து வீட்டில் மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கி வந்து ஊற்றினீர்கள். மத்தியானம் மெஷின் ஓடியது. என்ன கோளாறு என்று மாமியார் கேட்டதற்கு, "தூசி அடைச்சிருந்தது அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். அதோடு சரி. பிறகு அந்த மெஷினை நீங்கள் தொடவே இல்லை.

கூப்பிட்டால் வருவீர்கள். ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "அந்தத் திருகாணிய கொஞ்சம் தளத்து, ஜாஸ்தி வாணாம். ஊசிய திருப்பிப் போட்டிருக்க பாரு" என்று வாயால் மட்டும் சொல்வீர்கள். பன்னிரண்டு வருஷம் அப்படி. மகளின் துணிகளைக் கையாலேயே தைத்தீர்கள். இன்று எந்தக் கோளாறையும் நானே சரிசெய்கிறேன் என்றால், நீங்கள் தொடாமல் நின்றதால் வந்த தேர்ச்சி அது. பன்னிரண்டு வருஷத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு பகல் கிடைக்காமலா போயிற்று?

போன வாரம் உங்கள் மகள் வந்திருந்தாள், குழந்தைக்குக் கவுன் தைக்கத் துணியோடு. நானே நூலைக் கோத்துவிட்டு, "நீ உக்காந்து தையேன்" என்றேன். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"வாணாம் சித்தி. எனக்கும் எங்கம்மா கைதான், ராசியில்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அன்று கத்தியபோது அவள் புதுப் பாவாடையோடு வாசற்படியில் நின்றது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெயை, பொய்யை, எல்லாவற்றையும்.

"இத அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம் இல்ல சித்தி?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாலு தையல் போவதற்குள் அடியில் நூல் சிக்கி நின்றது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். முகம் சுருங்கிப்போனது.

"கீழ பாக்காத கண்ணு, மேல பாரு" என்றேன். "நூல் கோத்தது நான்தான். தப்பு என்னுது."