கொப்பரையை யார் கழுவுவது

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

கையெழுத்தைப் பார்த்ததுமே இதை அலமாரி மேல் தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்று தெரியும். சமையல் முடித்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ‘அப்படி என்னதான் எழுதியிருக்கா’ என்று எடுத்துப் பிரிப்பீர்கள் என்பதும் தெரியும். ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்து உங்களோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் ஆயிற்றே. போனில் பேசினால் நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பூட்டிக் கிடந்த அச்சகக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நாங்கள் என்றால் தொக்கு போடுகிற நான், தக்காளி சாஸ் போடுகிறவர், மிளகாய்த்தூள்காரி, கடலை வெண்ணெய் அரைக்கிறவர், இன்னும் மூன்று பேர். தனியாக இயந்திரம் வாங்க ஒருவருக்கும் வக்கில்லை. வீட்டு அடுப்பில் செய்தால் உரிமம் கிடைப்பதில்லை. உரிமம் இல்லாத பாட்டிலைக் கடைக்காரர்கள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் ஒரே கூரைக்குக் கீழே கழுவும் தொட்டி, அரைக்கும் இயந்திரம், உலர்த்தும் அறை, மூடி இறுக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் பொதுவில் போட்டு, ஆளுக்கொரு முறை வைத்து வேலை செய்கிறோம். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் சுவரில் மை வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

காய்ச்சுவதற்குத்தான் ஒன்றுமில்லை. சொல்லி வைத்த நீராவிக் கொப்பரை தக்காளி சீசன் முடிந்த பிறகுதான் வருமாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரியோ அடுத்த மாதக் கடைசியில் பார்க்க வருகிறார். காய்ச்சும் வசதி இல்லாமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார். பாகம் பிரித்தபோது உங்கள் பங்குக்கு வந்த நீராவிக் கொப்பரை கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் சும்மா கிடப்பதாகக் கேள்வி. யார் சொன்னது என்று பெரிய அத்தானை முறைக்காதீர்கள். அண்ணனும் தம்பியும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நமக்குத் தெரியாது என்று நினைப்பு.

அதைக் கூடத்துக்குக் கொடுங்கள். நீங்களும் வாருங்கள். உங்கள் கொய்யா ஜாமுக்கும் இங்கே ஒரு முறை உண்டு.

உங்கள்
சின்னவள்


பிப்ரவரி 13

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

கொப்பரை சும்மா கிடப்பது உண்மைதான். ஜாம் கேட்டு இன்னும் ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ‘உரிமம் இருக்கா’ என்று கடைக்காரர் கேட்ட அன்றைக்கு நிறுத்தியவள், அதற்கப்புறம் ஒரு கரண்டி பழம்கூடக் காய்ச்சவில்லை. வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனாலும் கொப்பரையைத் தரமாட்டேன். ஒரே வீட்டில் ஒரே கொப்பரையைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாமல், வீட்டையே இரண்டாக்கிய ஓரகத்திகள் நாம். நீ இப்போது ஊரைக் கூட்டிப் பொது அடுப்பு மூட்டப் போகிறாயாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே யார் கழுவுவது? என் ஜாம் வேலை முடிந்தால், கொப்பரையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நான் சாப்பிடவே உட்காருவேன். நீ மறுநாள் வந்து, பளபளவென்று இருக்கிற கொப்பரையை என் கண்ணெதிரே மறுபடியும் தேய்ப்பாய். நான் கழுவியது உனக்கு அழுக்கு. உன் வேலை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போவாய். உன் பிசுக்கைக் கழுவ நான் உனக்கு வேலைக்காரியா? இதை அன்றைக்கே வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கரண்டியை நங்கென்று வைத்தேன். நீ அதைவிடப் பலமாக வைத்தாய். வாயால் போட்ட சண்டையைவிட நாம் பாத்திரத்தால் போட்டதுதான் அதிகம்.

பெரியவள்

கொழுந்தனுக்கு இருமல் விடவில்லையாமே. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. யார் சொன்னது என்று கேட்காதே.


மார்ச் 6

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்துக்குச் சுடச்சுட ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, கிழித்துப் போட்டேன்.

போன வாரம் கூடத்தில் ஒரு ரகளை. மிளகாய்த்தூள்காரி அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் கடலைக்காரர் கடலையைக் கொட்டி அரைத்துவிட்டார். குழந்தைகளுக்கென்று செய்த கடலை வெண்ணெய் முழுக்கக் காரம். ஒரு விரல் எடுத்து ருசி பார்த்தவர் கண்ணீரோடு கத்த ஆரம்பித்தார்.

“முடிச்சவங்க கழுவி வச்சுட்டுப் போறதுதானே மரியாதை? கழுவியிருப்பீங்கன்னு நம்பித்தானே போட்டேன்!”

“அடுத்து அரைக்கிறவர் கழுவிட்டுத்தானே அரைப்பாருன்னு நான் நெனச்சேன். எங்க வீட்ல அப்படித்தான்.”

சாஸ்காரர் தன்னிடம் இருந்த கூடத்துச் சாவியை மேசை மேல் வைத்தார். “பொதுன்னா இப்படித்தான் நாறும். நான் என் வீட்டு அடுப்புக்கே போறேன்” என்றார்.

மிளகாய்த்தூள்காரி, கடலைக்காரர் இருவர் வாயிலும் நம் வீட்டுச் சண்டை அப்படியே வந்துகொண்டிருந்தது. எங்கள் அம்மா வீட்டில் பாத்திரம் எல்லாம் முற்றத்தில் திறந்து கிடக்கும். தூசியும் பூச்சியும் விழும். அதனால் அடுப்பில் ஏற்றுகிறவள்தான் கழுவுவாள். இறக்கியவள் கழுவ வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நீங்கள் கழுவியது அழுக்கு என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை அக்கா. இது மன்னிப்புக் கடிதம் இல்லை, விவரம் சொல்கிறேன். நீங்கள் நங்கென்று கரண்டி வைத்தபோதெல்லாம், இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் வேலைக்கு முன்னாலும் பின்னாலும் கழுவியது நீங்கள் ஒருத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு நீங்கள் செய்ததை இங்கே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டேன். தொடங்குமுன் கழுவு, முடித்ததும் கழுவு. “ஒரு வாரத்துக்கு எல்லார் முறைக்கும் நானே ரெண்டு தடவையும் கழுவுறேன். அப்புறமும் போகணும்னா போங்க” என்று சொன்னேன். வாரம் முடிவதற்குள் சாஸ்காரரே வந்து என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கிக்கொண்டார். சாவியும் அவர் சட்டைப் பைக்கே திரும்பிவிட்டது.

கொப்பரை கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுக்காவிட்டால் அதிகாரி திரும்பிப் போவார். இந்தச் சீசன் தக்காளி கைவிட்டுப் போகும். அதற்காகக் கூடத்தைப் பூட்டமாட்டேன். அடுத்த தடவை அவரை வரவழைப்பேன்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 15

அன்புள்ள சின்னவளே,

படித்தேன். மறுபடியும் படித்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்குப் போனில் சொல்ல வேண்டுமே.

அம்மா வீட்டுப் பழக்கம் என்று நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வீடு மிஞ்சியிருக்கும். நானும்தான் கேட்கவில்லை. அது போகட்டும்.

வியாழக்கிழமை வண்டி வரும். இறுகிப்போயிருந்த வால்வை மாற்றியாகிவிட்டது. கொப்பரையில் என் பெயரை எழுதி ஒட்டாதே. பொது என்றால் பொதுதான். நானும் வண்டியிலேயே வருகிறேன். முழங்காலைச் சாக்குச் சொல்லி என்னை மூலையில் உட்கார வைக்கப் பார்க்காதே. கொய்யா வரத்து ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரு முறை எடுத்து வை, சாஸ்காரருக்கு முன்னால். அதிகாரி வரும்போது கொப்பரையில் ஜாம் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உள்ளும் புறமும் நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் கொப்பரையை வண்டியில் ஏற்றுகிறேன். வந்து இறங்கியதும் நீ அதை மறுபடியும் கழுவு. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன்
அக்கா