மத்தியானத்தில் நின்றுபோகும் வான்

ஆடி 9, புதன்

வெயில். சோளகக் காற்று, முற்றமெல்லாம் புழுதி. காலையில் வான் கழுவினேன், பத்து மணிக்குள் திரும்பவும் மண்ணிறம்.

யோகம் வருகிறாள். 20ஆம் திகதி ஞாயிறு, பின்னேரம் நாலரைக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடாவுக்குப் போன என் மனுசி. ஆறு மாதம் என்றுதான் போனாள், இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. நானே போய்க் கூட்டிவருவதாக முடிவு. எங்கள் வானில். பூநகரியிலிருந்து விடிய வெளிக்கிட்டாலும் மத்தியானம் முழுக்க ரோட்டில்தான். அவள் போனபிறகு வான் காலையில் சந்தைக்குப் போய்வந்ததோடு சரி, உச்சி வெயிலில் ஓட்டியதே இல்லை.

அதனால் இன்று பன்னிரண்டு மணிக்குப் பரந்தன் பக்கம் ஓடிப் பார்த்தேன். பதினாறாவது கிலோமீற்றரில் இரண்டு இருமல், இழுவை இல்லை, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் காய்ந்த வயல். நிழல் என்று சொல்ல வானின் நிழல் மட்டும்.

செய்தவை:
சீற்றைத் தூக்கி எஞ்சின் பார்த்தது. வயர் எல்லாம் சரி.
ரேடியேற்றர் தண்ணீர் சரி.
பெற்றோல் முள் செத்துக் கன வருடம், ஆகவே வழக்கம்போல டாங்கி மூடியைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்த்தது. அரை டாங்கி. பொலித்தீனைத் திரும்ப வைத்து இறுக்கி மூடியது.
சூடாற்றப் பெற்றோல் பம்பில் ஈரச் சாக்கு.

இருபது நிமிடம். ஸ்ராட். ஆக, சாக்கு வேலை செய்கிறது.

இன்று வாய் திறந்தது: மீன்காரனிடம் "வேண்டாம்". வானிடம் எழுதமுடியாத வார்த்தை ஒன்று. வேறு இல்லை.

ஆடி 10, வியாழன்

பரந்தன், செல்வத்தின் கராச். இந்த வானுக்குப் பதினைந்து வருடமாக வைத்தியம் பார்ப்பவன். கேட்டான், தட்டினான், மோந்து பார்த்தான்.

"அண்ணை, சூடேற கொயில் கைவிடுது. வேறை ஒண்டுமில்லை."

மாற்றியவை: கொயில். பிளக் நாலு. பெற்றோல் பில்ரர்.

"அக்கா வாறாவாம்?"

"ஓம்."

"அப்ப இனி இஞ்சைதான் நிப்பாவோ?"

"பின்னை?" என்றேன். என்ன கேள்வி இது.

இன்று கன கதை. மனது லேசு.

ஆடி 11, வெள்ளி

வெயில் நேற்றையதைவிட மோசம். புதுக் கொயில், புது பிளக், பழைய இடம். பதினாறாவது கிலோமீற்றர் தாண்டி ஒரு மதகு, அதில் நின்றது. சீற்றைத் தூக்கினேன், குச்சி விட்டேன், மூடினேன், சாக்கை நனைத்தேன். கால் மணித்தியாலத்தில் ஓடியது. வானுக்குத் தாகம் போல.

அப்படியானால் பம்பில்தான் பிழை. கட்டுநாயக்கா வரை மதகுக்கு மதகு நின்று சாக்கு நனைக்கலாமா? விமானம் எனக்காக மேலே சுற்றிக்கொண்டு நிற்காது.

ஆறரைக்கு யோகம் போன் எடுத்தாள். அங்கே காலை ஒன்பது.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்." (இல்லை.)

"நான் எயாப்போட்டுக்கு வானைக் கொண்டு வாறன்."

"அந்த வானோ? உந்த வெயிலுக்கை உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்."

"எனக்கு இஞ்சை வேறை என்ன வேலை?"

பேரன் அழுதான். "இஞ்சருங்கோ, பிறகு எடுக்கிறன்." மொத்தம் நாலு நிமிடம். பிறகு எடுக்கவில்லை.

ஆடி 13, ஞாயிறு

வானுக்கு ஓய்வு. வீட்டு வேலை.
நுளம்புவலை தோய்த்தது.
குசினி யன்னல் கம்பியில் இரண்டு வருடத்துக் கரி. பாதி போனது.
அலுமாரியில் அவளின் பக்கத்தைத் திறந்தேன். சேலைகளை வெயிலில் போட்டு, பின்னேரம் எடுத்து மடித்தேன். மடிப்பு சரிவரவில்லை. வந்து ஏசட்டும்.
கதிரை ஒன்றுக்குக் கால் ஆட்டம், ஆணி அடித்தது. இரண்டு கதிரையில் ஒன்றில்தானே இருந்தேன், ஆடுவது இவ்வளவு நாளும் தெரியவில்லை.

தனிய இருந்து பழகிவிட்டேன் என்று கேட்டவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். பழகவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனைப் பார்ப்பேன், கிணற்றடிக்குப் போவேன், திரும்ப வந்து போனைப் பார்ப்பேன். அவ்வளவுதான் அந்த ஒரு மணித்தியாலம்.

இன்று யாருடனும் பேசவில்லை.

ஆடி 14, திங்கள்

காலையில் பெற்றோல் செட்டுக்குப் போய் டாங்கி நிரப்பியது. கழுத்து வரை. பொலித்தீன், மூடி, இறுக்கம். பதினொன்றரைக்கு ஓட்டம்.

இன்று முன்னதாகவே நின்றது. ஒன்பதாவது கிலோமீற்றர்! சாக்கு நனைத்தேன். இருபது நிமிடம். இல்லை. திரும்ப நனைத்தேன். இல்லை. மூன்றாம் தரம், குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் பம்புக்கே ஊற்றினேன். இல்லவே இல்லை. நிரப்பிய டாங்கிதானே, குச்சி விட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் ஒருவரும் வரவில்லை. சில்லில் சாய்ந்து குந்தியிருந்தேன். நான் இங்கே கிடக்கிறேன் என்று அறிந்த ஒரு சீவன் இந்த உலகத்தில் இல்லை என்று நினைப்பு வந்தது. அழுகையும் வந்தது. அறுபத்துமூன்று வயதில், பட்டப்பகலில். யாரும் இல்லாதது ஒருவிதத்தில் நல்லது.

பிறகு ஓர் உழவு மெசின் வந்தது. அந்தப் பொடியனுக்குப் புண்ணியம், கயிறு கட்டிக் கராச் வரை இழுத்து வந்தான்.

செல்வம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டாங்கி மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. நெடுநேரம் இழுபட்டது.

"அண்ணை, இதென்ன?"

"பொலித்தீன்."

"தெரியுது. ஏன்?"

ஏன் என்றால்? பெற்றோல் கியூவில் நாட்கணக்காக நின்ற வருடம், ஒரு சொட்டும் ஆவியாகிப் போகக்கூடாதென்று நாலாக மடித்து வைத்தேன். அதுவும் எனக்குப் புதிதில்லை. சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் மருந்துப் போத்தலில்தான் இருந்தது, வாயைப் பொலித்தீனால் கட்டாமல் யாரும் வைத்ததில்லை. இரண்டு சொட்டில் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின ஆட்கள் நாங்கள். கியூ முடிந்தும் கை விடவில்லை. ஒவ்வொரு தரமும் எடுப்பது, குச்சி விடுவது, பத்திரமாகத் திரும்ப வைப்பது. கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"மூடியிலை உள்ள ஓட்டையாலை டாங்கிக்குக் காத்துப் போகவேணும் அண்ணை. நீங்கள் அதை அடைச்சு வைச்சிருக்கிறியள். காலமைக் குளிருக்கை கொஞ்சத் தூரம் எப்பிடியோ இழுக்கும். மத்தியானச் சூட்டிலை லைனுக்கையே பெற்றோல் ஆவியாகுது, பம்ப் பாவம் என்ன செய்யும்?"

"அப்ப சாக்கு?"

"சாக்கு ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் குச்சி விடத் திறக்கேக்கை காத்துப் போயிருக்கு. இண்டைக்கு டாங்கி நிரம்பி உள்ளை காத்துமில்லை, நீங்கள் திறக்கவுமில்லை, கெதியாய்ப் படுத்திட்டுது."

முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ட்ரைவர் நான். செல்வம் சிரித்துச் சிரித்து இருமினான். எனக்கும் சிரிப்பு. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் தெரியாது. பொலித்தீனை அவன் எறியப்போக, தாடா என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பழக்கம்.

ஆடி 16, புதன்

காலை பதினொன்று முதல் மூன்று மணி வரை. பூநகரி, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், அதே வழியால் திரும்ப. தார் உருகுகிற வெயில். ஒரு தரம்கூட நிற்கவில்லை. ஒரு இருமல் இல்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தேன். யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. செல்வத்துக்கு எடுத்தேன். "ஓடுது." "ஓடும்தானே அண்ணை, வேலையாய் நிக்கிறன்." வைத்துவிட்டான். கச்சான் கடலை விற்கிற பிள்ளையிடம் "வான் மாங்குளம் போயிட்டு நிக்காமல் வந்திட்டுது" என்றேன். "எத்தினை பை ஐயா?" என்றது. இரண்டு பை வாங்கினேன்.

ஞாயிறுக்கு: தண்ணீர்க் கான் 2, ஸ்பெயார் சில்லுக்குக் காற்று, பின் சீற்றுக்குத் தலையணி (அவளுக்கு முழங்கால் நோ), இளநீர் 4. சேவ் எடுக்கவேணும். தலைக்கு மை? வேண்டாம், சிரிப்பாள்.

ஆடி 18, வெள்ளி

மகள் எடுத்தாள். பின்னேரம் ஐந்தே முக்கால். நல்ல நேரத்தில் எடுத்தாள் என்று நினைத்தேன்.

"அப்பா, நீங்கள் எயாப்போட்டுக்குப் போகவேண்டாம். அம்மாவுக்கு ஏசி வான் ஒண்டு கொழும்பிலை புக் பண்ணிட்டன்."

"எங்கடை வான் இப்ப நிக்காது பிள்ளை. பொலித்தீன்தான் பிழை..."

"அதுக்கில்லையப்பா. அம்மாவாலை இருவது மணித்தியாலம் பறந்து வந்து உந்த வானுக்கை இருக்கேலாது. போக வர ரெண்டுக்கும் சேத்துப் புக் பண்ணினதாலை அவங்களும் நல்ல ட்ரைவராய்த் தாறாங்கள்."

"போகவோ? ஆர் போக?"

அந்தப் பக்கம் பேரனின் கார்ட்டூன் கேட்டது.

"அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

நாலு கிழமைதான். ஆவணி 17 திரும்பப் போகிற ரிக்கற். மகளுக்கும் மருமகனுக்கும் ஷிப்ட் வேலை, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதுவும் நியாயம். எல்லாம் நியாயம். ரிக்கற் போட்டு இரண்டு மாதமாம். இரண்டு மாதமாக "சாப்பிட்டனீங்களோ" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சோறு போட்டேன், சாப்பிடவில்லை. கோபம். யாரோடு என்றுதான் தெரியவில்லை.

ஆடி 19, சனி

முகில் மாதிரிக் காட்டிவிட்டுப் போய்விட்டது. வெயில்தான். காலையில் வானைத் தொடவில்லை. வேலிக்குக் கம்பி இழுத்தேன், அவசரமே இல்லாத வேலை.

மத்தியானம் யோகம் எடுத்தாள். அங்கே விடியப்புறம், நித்திரை கொள்ளவில்லைப்போல. இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் எயாப்போட்டுக்கு வெளிக்கிடுகிறார்களாம்.

"பிள்ளை சொல்லிப்போட்டாளாம்."

"ஓம்."

"நேரை வந்து சொல்லுவம் எண்டு இருந்தனான். போனிலை எப்பிடிச் சொல்லுறது இஞ்சருங்கோ?"

பிறகு அழுதாள். நீங்களும் இஞ்சை வாங்கோவன் என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். அங்கே வந்து நான் என்ன செய்வது, பனியைப் பார்த்துக்கொண்டு யன்னலடியில் இருப்பதா? அதுவும் வழக்கமாகச் சொல்வதுதான். இன்று சொல்லவில்லை.

கன நேரம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இஞ்சரும். கூட்டிக்கொண்டு வாறது நான். எங்கடை வானிலைதான் நீர் வீட்டை வருவீர். திரும்பிப் போகேக்கை அந்த ஏசி வான் வரட்டும். அந்த ஓட்டம் நான் ஓடமாட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி," என்றாள். "பிள்ளைக்கு நான் சொல்லுறன். நாலரைக்கு இறங்கும். பெட்டியெல்லாம் எடுத்து வெளியிலை வர ஒரு மணித்தியாலம் செல்லும். சனத்துக்கை என்னைத் தேட விடாதேங்கோ. எங்கையும் போகாமல் வாசலிலையே நில்லுங்கோ."

எங்கே போவது, நான்.