சத்தம் போன பெட்டி

சேசு மரி சூசை துணை

றொசல்ல, இலங்கை
14-6-1963

அன்பு மகள் சிசிலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மழையைத் திட்டுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் றோலண்டும் லண்டன் குளிரில் அதே சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் கடிதம் வந்ததும் உன் அம்மா அதைக் கோயிலுக்கே கொண்டுபோய், பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள், சுவிசேஷத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே வாசித்ததாகக் கேள்வி. பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பெட்டி படம் காட்டிப் பாடம் சொல்கிறது, அதில் ஒரு பெண் வந்து ஆப்பிள் எண்ணுகிறாள், பாடுகிறாள், பொம்மை ஆட்டுகிறாள், நம் றோலண்ட் மூன்றரை வயதிலேயே அதன் முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்கிறான் என்பது இப்போது தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரியும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும் ஆயா அழகம்மா மட்டும், "அந்தப் பொட்டி புள்ளைக்கு மூக்கு தொடச்சு விடுமாங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து உன் அம்மா அவளோடு பேசுவதில்லை.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பிறகு கடிதத்தைத் தனியாக வாசித்தேன். பெட்டியில் சத்தம் போய் ஒரு வாரமாகிறது, படம் மட்டும்தான் வருகிறது, றோலண்ட் அதற்காக அழவில்லை, அந்தப் பெண் சிரித்தால் முன்போலவே சிரிக்கிறான், பொம்மை வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறான், அத்தனை பொறுமை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை நான் மூன்று முறை வாசித்தேன், மகளே. உன் அப்பன் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மிசின்களுக்கு நடுவே காதைத் தொலைத்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே நாங்கள் வாயைப் பார்ப்போம், முகத்தைப் பார்ப்போம், துரை சிரித்தால் கொஞ்சம் தாமதித்து நாங்களும் சிரிப்போம். தன் பேச்சில் நகைச்சுவை அதிகம் என்று துரை இன்றுவரை நம்புகிறார். பொம்மையின் வாயைப் பார்த்து ஒன்றும் பிடிபடாது, அதனால் அது எங்களுக்கு உதவாது. பேரன் செய்வதெல்லாம் என் தொழில், சிசிலி. மூன்றரை வயதில் அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தமிழும் இங்கிலீசும் குழம்பித்தான் அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா சொன்னதாக எழுதினாய். இங்கே தமிழும் சிங்களமும் குழம்பிய பிள்ளைகள் இரண்டிலும் திட்டுகின்றன.

ஆகவே நான் சொல்கிறதைச் செய். அவன் முதுகு காட்டி விளையாடும்போது பின்னால் நின்று சட்டி மூடியைக் கரண்டியால் ஓங்கித் தட்டு. காலைத் தரையில் உதைத்துவிடாதே, பலகை அதிரும், அந்த அதிர்வுக்கே நாங்கள் திரும்பிவிடுவோம், நீ ஏமாந்துபோவாய். உன் நிழலும் அவன் முன்னால் விழக் கூடாது. அவன் திரும்பினால், அப்பா கிழட்டு முட்டாள் என்று ஒரு கடிதம் போடு, அதையும் கோயிலில் வாசிக்கச் சொல்கிறேன். திரும்பாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ, நாள் கடத்தாதே. பெட்டியைக் குற்றம் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளையையும் சொல்ல வேண்டாம். பதிலைப் பெக்டரி விலாசத்துக்கு அனுப்பு. உன் அம்மாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பேரன் வந்தால் பாடிக்காட்ட என்று அவள் அடுப்படியில் ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயசைவில் பார்த்தேன், நல்ல பாட்டுத்தான்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவன் திரும்பாவிட்டால் அவன் பார்க்க அழாதே. முன்னால் போய் உட்கார்ந்து சிரி. அவன் உன் முகத்தைத்தான் வாசிப்பான்.

இப்படிக்கு,
உன் அப்பா
கஸ்பர்